பெற்ற தாய்க்கும் தெரியாது

அந்த ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு ஜோடி நேர்மையான காதின் விலை நான்கு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். ஜி.எஸ்.டி. தனி.

விலைமதிப்பற்றது என்று எதையாவது பார்த்து உருகுகிறவர்கள் பெரும்பாலும் அதை வாங்க வந்தவர்கள் அல்ல. வாங்க வந்தவன் என்ன விலை என்றுதான் முதலில் கேட்பான். நேர்செவி நிறுவனம் கேட்டது. நாச்சிமுத்து சொன்னான். காது அவனுடையது அல்ல, சுகந்தியுடையது. அவன் இடையில் நிற்கிற தரகன்.

அவன் அப்பா பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர். சந்தை செல்போனுக்குள் போய்விட்ட பிறகு, நாச்சிமுத்து தோளில் துண்டோடு இசைத் தொழிலுக்கு வந்து சேர்ந்தான். முதலில் கச்சேரிகளுக்கு ஸ்பீக்கர் பிடித்துக் கொடுத்தான், பிறகு பாடகர்களை, கடைசியில் நடுவர்களை. மாட்டுக்குப் பல்லைப் பார்க்கவேண்டும், பாடகருக்கு ஃபாலோயரைப் பார்க்கவேண்டும், மற்றபடி இரண்டு வியாபாரமும் ஒன்றுதான் என்பான்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. புதிதாக ஒரு இசைக்குழு தொடங்குகிற பிள்ளைகள் முதலில் கிடார் வாங்குவதில்லை, முகத்தைச் சரி செய்துகொள்கிறார்கள் என்ற நிலை வந்திருந்தது. பாட்டுக்கு முன்னால் வீடியோ, வீடியோவுக்கு முன்னால் முடி. நான்கு பையன்கள் மேடையில் உதட்டை அசைக்க, பாடியவர்கள் திரைக்குப் பின்னால் கூலிக்கு உட்கார்ந்திருந்த விவகாரம் ஒருநாள் வெளியே வந்து நாறியது. அந்த நாற்றத்தில்தான் நேர்செவி முளைத்தது. குழுவின் பெயர் இல்லை, முகம் இல்லை, ஊர் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு, இந்தப் பக்கம் மூன்று நடுவர்கள், நடுவர்களின் மூக்கில் ஒரு சொட்டு மருந்து. ஊரெங்கும் விளம்பரம் வைத்தார்கள்: “பெற்ற தாய்க்கும் தெரியாது.” அதாவது, பாடுவது தன் பிள்ளை என்று தாய்க்கே தெரியாதாம். அதனால் நடுவரின் உறவினர்களும் போட்டியிடலாம் என்று பெருமையாக ஒரு விதியே போட்டிருந்தார்கள்.

சொட்டைப் பற்றி விளக்கியவர் டாக்டர் வசந்தன். நேர்செவியின் சம்பளக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். சீசன் தொடங்குவதற்கு முன் ஒப்பந்தம் பேச சுகந்தியும் நாச்சிமுத்துவும் அவர் அறைக்குப் போயிருந்தார்கள்.

“குரல் காதுல விழுந்ததும் யாருன்னு கேக்கறதுக்கு மூளைல ஒரு இடம் இருக்குங்க. பாட்டு என்னன்னு கேக்கறது வேற இடம். இந்தச் சொட்டு அந்த ‘யாரு’ங்கற கதவை மட்டும் சாத்தும். நாலு மணி நேரம். அப்புறம் மெதுவாத் தொறக்கும். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் எல்லாருக்கும் மங்கலாத்தான் இருக்கும்.”

“கதவு சாத்துனா எப்படிக் கேக்குமுங்க?” என்றான் நாச்சிமுத்து.

“கையால எழுதுன கடுதாசிய டைப் அடிச்சுக் குடுத்த மாதிரி. விசயம் பூரா இருக்கும். எழுதுனது ஆம்பளையா பொம்பளையா, எந்த வயசு, எந்த ஊரு, எந்தச் சாதி, ஒண்ணும் தெரியாது.”

“கொரல்ல சாதி எங்கீங் தெரியுது?”

“தெரியாதுன்னுதான் நாங்களும் நெனச்சோம். சொட்டுப் போட்டதுக்கு அப்புறம் மார்க் எப்படி மாறுதுன்னு பாத்தப்பத்தான் தெரிஞ்சுது, இத்தனை நாளா என்னத்தக் கேட்டுட்டு இருந்தோம்னு.”

 நாச்சிமுத்து வியாபாரத்துக்கு வந்தான். “சரி. சீசனுக்கு எத்தனை சொட்டு?”

“ஆறு. அதுக்கு மேல கெடையாது.”

“பத்துன்னு நெனச்சுட்டு வந்தனுங்களே.”

“சார், இது ரேட் இல்ல. லிமிட்.”

“எல்லாரும் அப்படித்தானுங்க ஆரம்பிப்பாங்க.”

போட்டியில் ஏழு சுற்று, எட்டாவது இறுதி. ஆறு சொட்டோடு நிறுத்தினால் சுகந்தி இறுதிச் சுற்றில் உட்கார முடியாது. ஒரு சொட்டுக்கு அறுபதாயிரம். நாச்சிமுத்துவின் தரகு பத்தில் ஒன்று. இதெல்லாம் அவன் மனதில் தன்னால் ஓடியது. அதைவிட வேகமாக ஓடியது சந்தைப் பாடம்: ஆறு என்று வாயைத் திறக்கிறவன் எட்டுக்கு இடம் வைத்துத்தான் திறக்கிறான்.

“அடிக்கடி சாத்துன கதவு கீல் துருப்பிடிச்சு நின்னுரும்,” என்றார் டாக்டர்.

அப்போதுதான் சுகந்தி வாயைத் திறந்தாள். “எனக்கு அந்தப் பயமில்லைங்க டாக்டர். மத்தவங்களுக்கு ஒரு நாள் ஆகும், எனக்கு ரெண்டு மணி நேரத்துல தெளிஞ்சுருது. போன சீசன்ல வீட்டுக்குப் போற பஸ்ஸுலயே கண்டக்டர் கொரல் தெரிஞ்சுது. எழுதிக்குங்க வேணும்னா.”

டாக்டர் அவளைப் பார்த்தார். நல்ல நடுவர்கள் கிடைப்பது அரிது. அவள் மார்க் ஒரு தடவைகூட மேலிடத்துக்குத் தலைவலி கொடுத்ததில்லை. அவர் தயங்கிய அந்த நொடியில் நாச்சிமுத்து தோள் துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, அதற்குள் கையை விட்டு, ஐந்து விரலையும் ஒருமுறை பிடித்தான், பிறகு மூன்று விரலை. எட்டு.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டார் என்றால் முடிந்தது என்று சந்தையில் பொருள். டாக்டர் சந்தைக்கு வந்தவர் அல்ல என்பது நாச்சிமுத்துவுக்கு அன்று தோன்றவில்லை.

அந்தத் துண்டு நேர்செவிக்கும் பழக்கமானதுதான். முதல் வருடம் நடுவர்கள் பொத்தானை அழுத்தி மார்க் போட்டார்கள். பந்தயம் கட்டுகிறவர்கள் அதை இடையிலேயே திருடிப் பார்த்துவிட்டார்கள். வாயால் சொன்னால் ஒரு நடுவரின் மார்க் இன்னொருவர் காதில் விழும். அப்பா காலத்து வழி ஒன்று இருக்கிறது என்றான் நாச்சிமுத்து. பொள்ளாச்சியில் மாட்டுக்கு விலை பேசுகிறவர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள், சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை தெரியாது. எத்தனை விரலோ அத்தனை. பத்து என்றால் ஐந்தை இரண்டு முறை. மூடிய முட்டியைக் கொடுத்தால் ஒன்றுமில்லை, பேச்சுக்கு இடமில்லை. வாயால் எத்தனை பொய்யும் சொல்லலாம். துண்டுக்குள் பொய் சொன்னவன் கையைச் சந்தையில் பிறகு ஒருத்தனும் தொடமாட்டான். நிறுவனத்தாருக்கு இது பிடித்துப் போயிற்று. மூன்று நடுவர்களிடமும் மார்க் வாங்கிவரும் வேலையை அவனுக்கே கொடுத்துவிட்டார்கள்.

சுகந்திக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபது வருடம் சென்னையில் கோரஸ் பாடினாள். கூட்டத்தில் தன் குரல் தனியாகத் தெரியாமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம். தனிப் பாட்டுக்கு நான்கைந்து முறை கூப்பிட்டார்கள், நேரில் பார்த்ததும் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். கணவன் இறந்ததும் மகளோடு சிவானந்தா காலனிக்கு வந்துவிட்டாள்.

மகள் நித்திலாவுக்கு இருபத்து மூன்று. உதட்டைச் சுற்றியும் இடது கண்ணோரத்திலும் வெண்புள்ளி. ‘கம்பிவேலி’ என்று ஒரு குழு வைத்திருந்தாள். அவர்கள் போட்ட முதல் வீடியோவுக்குக் கீழே, மூஞ்சியில் பெயின்ட் கொட்டிவிட்டதா என்று கேட்டவர்கள்தான் அதிகம். பாட்டைப் பற்றி இரண்டு பேர் எழுதியிருந்தார்கள், இரண்டு பேரும் சொந்தக்காரர்கள். ஒரு போட்டியில் ஃபில்டர் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அப்படியென்றால் பரிசை ஃபில்டருக்கே கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இப்போது குழுவே கலைகிற நேரம். கிடார் வாசிக்கும் ஜெபராஜுக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை உறுதியாகியிருந்தது. நேர்செவியில் ஜெயித்தால் ஒரு வருடம் மேடையும் பதிவும் சம்பளமும் உண்டு, தோற்றால் அவன் பஸ் ஏறுவான்.

“புதுப்பாட்டு எப்படி வந்திருக்கு, பாடிக் காட்டு,” என்று சுகந்தி ஒருநாள் கேட்டாள். நித்திலா சட்னிக்குத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தாள்.

“உனக்குக் காட்டி என்னம்மா ஆகப்போகுது. நான் இருமுனாக்கூட அதுல ஒரு ராகம் இருக்குதும்ப.”

“நல்லா இல்லேன்னா இல்லேன்னு சொல்ல மாட்டனா?”

“இதுவரைக்கும் சொல்லியிருக்கியா?”

சுகந்தி யோசித்தாள். சொன்னதில்லை.

“நீ பொய் சொல்றேன்னு சொல்லல. உனக்கே தெரியாது. என் கொரலைக் கேட்டா உனக்கு நாந்தான் கேக்கறேன், பாட்டுக் கேக்கறதில்ல. ஊர்க்காரனுக்கு என் மூஞ்சி மறைக்குது, உனக்கு என் கொரலே மறைக்குது. நான் நல்லாப் பாடறனா இல்லியான்னு நெசமாச் சொல்ல இந்த ஊர்ல ஒரு ஆள் இல்ல.”

 சுகந்தி டாக்டரிடம் இரண்டு மணி நேரக் கதையைச் சொன்னது இதற்கு அடுத்த வாரம்.

இறுதிச் சுற்று பீளமேட்டில், மூடிக்கிடந்த ஒரு நூற்பாலையில் நடந்தது. காலை பத்து மணிக்கு நடுவர்களுக்குச் சொட்டு விட்டார்கள். கால் மணி நேரம் கழித்து நாச்சிமுத்து வந்து சுகந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, “எப்படீங்க்கா இருக்குது?” என்றான்.

அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். “யாரோ பேசறாங்க. மூஞ்சியப் பாத்தா நீதான் நாச்சி.”

ஒன்பது குழுக்கள். நான்காவதாக வாசித்தது ‘கண்ணாடிக்கடை’ என்று பிறகு தெரிந்தது. விளம்பரப் படங்களில் நடித்த பையன்கள், சுத்தமான வாசிப்பு, எங்கும் பிசிறில்லை. சுகந்தி எட்டு விரல் கொடுத்தாள்.

ஏழாவது குழு தொடங்கியபோது முதலில் ஒரு கிடார் கம்பி மட்டும் ஒலித்தது. அடி விழவேண்டிய இடத்தில் அடி விழவில்லை. காத்திருக்க வைத்துவிட்டுப் பிறகு விழுந்தது. பாட்டு முழுக்க வாடகைக்கு வீடு கேட்டு வந்தவளிடம் வீட்டுக்காரர் கேட்கிற கேள்விகள். எந்த ஊரு, அதுக்கு முன்னால எந்த ஊரு, என்ன சமைப்பீங்க, யாரெல்லாம் வருவாங்க, இது என்ன முகத்துல. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வரவேண்டிய இடத்தில் டிரம் மட்டும். கடைசிக் கேள்விக்கு டிரம்மும் இல்லை. பாடுகிற குரல் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் தாளத்தில் இருந்தது.

நாச்சிமுத்துவின் மூக்கில் சொட்டு விடவில்லை. முதல் வரியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது, சிவானந்தா காலனி வீட்டில் வருடக்கணக்காகக் கேட்ட குரல். அவன் சுகந்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வழக்கம்போலக் கண்ணை மூடிக் கேட்டாள். மூடிய கண்ணிலிருந்து நீர் இறங்கியது. முகத்தில் பாசத்தின் சாயல் ஒன்றுமில்லை. நல்ல சரக்கைக் கண்ட வியாபாரியின் முகம்.

துண்டுக்குள் ஐந்து விரலையும் பிடித்தாள். விட்டாள். மறுபடி பிடித்தாள்.

“முகம்னு ஒரு கேள்வி வந்துச்சு. நம்ம வீட்டுப் புள்ளையாட்ட வேற யாரோ ஒருத்தரும் பட்டிருக்காங்க,” என்றாள். “யாரு நாச்சி இது?”

“சொல்லக்கூடாதுங்க்கா.”

“ஆமா, சொல்லாத. இதப் பெத்தவ குடுத்து வெச்சவ.”

கம்பிவேலி இரண்டு மார்க் வித்தியாசத்தில் ஜெயித்தது.

அன்று மதியமே புகார் வந்தது. கண்ணாடிக்கடையின் மேனேஜர் ரோஷன் நல்ல சட்டையும் நிதானமான பேச்சும் உள்ள ஆள். “நான் யாரையும் குத்தம் சொல்லல,” என்று ஆரம்பித்தான். இந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பவர்கள் வேறு எதையும் சொல்வதில்லை. “அம்மா பொண்ணுக்குப் பத்துக்குப் பத்து போட்டிருக்காங்க. விதி அனுமதிக்குது, சரி. சொட்டு அவங்களுக்கு வேலை செய்யுதான்னு மட்டும் பாத்துருவோம். ரெண்டு மணி நேரத்துல தெளியுதுன்னு அவங்களே சொன்னதா உங்க ஃபைல்ல இருக்கு. அவ்வளவு சீக்கிரம் தெளியறவங்களுக்கு மருந்து ஏறுச்சான்னே சந்தேகம்.”

டாக்டர் வசந்தன் ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டார். மருந்து சரியாக ஏறியிருந்தால் மறுநாள் சாயங்காலம் வரை குரல் மங்கலாகத்தான் இருக்கவேண்டும். ஆகவே மறுநாள் காலை ஐந்து பெண்கள் திரைக்குப் பின்னால் நின்று ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள், அதில் நித்திலா ஒருத்தி. சுகந்தி மகளைக் கண்டுபிடித்தால் பரிசு ரத்து. முடிவு உறுதியாகும்வரை நடுவர்கள் வீட்டுக்குப் போகக் கூடாது என்பதால் அவளை ஆலைக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதியில் தங்கவைத்தார்கள்.

காலையில் அழைத்துவரப் போனவன் நாச்சிமுத்து.  எட்டுக்காக அவள் சொன்ன அந்த இரண்டு மணி நேரம் இப்போது கழுத்துக்கு வந்திருக்கிறதே.

“உங்களுக்குத்தான் சீக்கிரம் தெளிஞ்சுருமே. இன்னேரம் எல்லாம் பளிச்சுன்னு தெரியும்,” என்றான் ஆட்டோவில். “தெரிஞ்சாலும் தெரியலீன்னு சொல்லிப்போடுங்க.”

“பொய் சொல்லச் சொல்றயா?”

“நேத்து நீங்க போட்ட பத்து நெசம், நான் பாத்துட்டு இருந்தேன். அத்தனை பெரிய நெசத்தைக் காப்பாத்த இத்துனூண்டு பொய்யி. லாபந்தானுங்க்கா.”

சுகந்தி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். “சொல்லிக்கலாம்,” என்றாள்.

டாக்டர் எழுதிக்கொடுத்த வாக்கியம்: ‘அம்மா, கதவைத் தொற, நான் வந்துட்டேன்.’ ஐந்து குரலும் ஒவ்வொன்றாகச் சொல்லின. மூன்றாவது குரல் வந்ததும் நாச்சிமுத்து தரையைப் பார்த்தான். ரோஷன் சுகந்தியின் முகத்தைப் பார்த்தான். அவள் கண் மூடியிருந்தது. புருவம்கூட அசையவில்லை.

“இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க,” என்றாள்.

சொன்னார்கள்.

“மன்னிச்சுக்குங்க டாக்டர். இதுல என்ற புள்ள எதுன்னு எனக்குத் தெரியலீங்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம்,” என்றான் ரோஷன்.

“அஞ்சும் ஒண்ணாட்டத்தான் இருக்குது தம்பி. ஒருவேளை அஞ்சு பேர்ல அவளே இல்லியோ என்னமோ.”

அந்தக் கடைசி வார்த்தை ரோஷனை முடித்துவிட்டது. புகாரை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டான். பரிசு நின்றது.

நித்திலா திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, காதோடு காதாகக் குசுகுசுத்தாள். “என்னா நடிப்பும்மா. ‘அவளே இல்லியோ என்னமோ’வா. அடிப்பாவி, மூணாவது நாந்தான்னு ஒரு எமை ஆடல உனக்கு.”

சுகந்தி ஒரு கணம் தன் தோளில் கிடந்த முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “கோரஸ்ல இருபது வருசம் சும்மாவா நின்னேன்.”

“அந்தப் பாட்டு... நெசமாவே பத்தா?”

“நெசமா பத்து. யாரு பாடறான்னே தெரியாமப் போட்டேன். இனி இருமிக் காட்டு, நல்லா இல்லேன்னே சொல்றேன்.”

நித்திலா அழுதுகொண்டே சிரித்தாள். ஜெபராஜ் ஓசூருக்கு போன் போட்டு வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆலைக்கு எதிரே பேக்கரியில் நாச்சிமுத்து இரண்டு டீ சொன்னான். வியாபாரம் நல்லபடி முடிந்த சந்தோஷத்தில் அவனுக்கு விளையாட்டு வந்திருந்தது. துண்டை எடுத்து மேசைமேல் விரித்து, உள்ளே கையை வைத்தான்.

“டாக்டர்கிட்டச் சொன்னது போவட்டும். இப்பக் காட்டுங்க, நம்ம புள்ள நெம்பர் எத்தனை?”

மூன்று விரலுக்காக உள்ளங்கையை விரித்து வைத்திருந்தான். அதில் வந்து உட்கார்ந்தது மூடிய முட்டி.

அவன் கொஞ்சம் காத்திருந்தான். முட்டி பிரியவில்லை.

“சாயங்காலம் வரைக்கும் மங்கலா இருக்கும்னு டாக்டர் சொன்னாருங்களே,” என்றான். “நீங்க ரெண்டு மணி நேரம்னு...”

“அது பொய் நாச்சி. போன சீசன்லயே முழுசாத் தெளியல. இந்தத் தடவை ஆறாவதுக்கு அப்புறம் போன்ல பேரைப் பாத்துத்தான் யாருன்னு பேசறேன். அவ கொரல் மட்டும் தொலவுல இருக்கறாப்புல கொஞ்சம் இருந்துச்சு. இன்னைக்கு அதும் இல்ல. பொய் சொல்லணும்னு வழியெல்லாம் மனசத் தயார் பண்ணிட்டு வந்தேன். சொல்றதுக்குத் தேவையே வரல.”

“ஏனுங்க்கா? ஆறோட நிறுத்தியிருக்கலாமே.”

“ஆறோட நிறுத்துனா பைனல்ல உக்கார முடியுமா? மத்த சுத்துல பேரே சொல்ல மாட்டாங்க, எது அவ பாட்டுன்னு தெரியாமயே போயிரும். அவ நல்லாப் பாடறாளான்னு யாரோ மாதிரி ஒரே ஒருக்கா கேக்கணும்னு இருந்துச்சு.” டீயை ஒரு வாய் குடித்தாள். “கேட்டேன். இனி எப்பக் கேட்டாலும் அப்படித்தான் கேக்கும். அவகிட்ட சொல்லிராத. எனக்கு நடிக்கத் தெரியும்னே இருக்கட்டும்.”

சாயங்காலம் வந்தது. தெளியவில்லை. அடுத்த வாரமும் தெளியவில்லை. நாச்சிமுத்து டாக்டர் வசந்தனைப் போய்ப் பார்த்தான். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஆறுன்னுதானே சார் சொன்னேன்,” என்றார். “நான் கெட்டியா நின்னிருக்கணும்.”

நாச்சிமுத்து வாழ்க்கையில் ஆயிரம் பேரிடம் விலை பேசியிருக்கிறான். சொன்ன எண்ணைத் தவிர வேறு எண் மனதில் இல்லாத ஒரே ஆள் அன்று இந்த அறையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய்த் துண்டைப் போட்டிருக்கிறான். அவர் மேலதிகாரியிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். மேலிடத்தில், அப்படி ஒரு பின்விளைவு எங்கள் பதிவில் இல்லை என்றும், விரைவில் தெளிவதாக நடுவர் தாமே சொன்னது பதிவில் இருக்கிறது என்றும் எழுதி அனுப்பினார்கள். அதோடு அடுத்த சீசனுக்கு அந்த அம்மாளுக்குச் சொட்டே தேவைப்படாதே, விலையைக் குறைத்துப் பேசலாமா என்று கேட்டிருந்தார்கள். மனிதர்களுக்கு வியாபாரம் தெரிந்திருந்தது.

ஊரெங்கும் நித்திலாவின் படம் வந்தது. நேர்மையின் முகம் என்று கீழே எழுதியிருந்தார்கள். வெண்புள்ளி தூரத்திலிருந்தும் தெரியவேண்டும் என்று கன்னத்தில் இரண்டு புள்ளியைக் கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். அவள் சண்டைக்குப் போனாள். ஒப்பந்தத்தில் படத்தைப் பற்றிய பத்தியைக் காட்டினார்கள். பாட்டை இப்போது நிறையப் பேர் கேட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் பாட்டுக்காகக் கேட்டார்கள் என்பதை எந்தச் சொட்டாலும் அளக்க முடியாது.

முதல் பெரிய கச்சேரி அவிநாசி சாலையில் ஒரு மண்டபத்தில். சுகந்தி முன்வரிசையில், நாச்சிமுத்து பக்கத்தில். அவள் கண்ணை மூடவில்லை. முன்பெல்லாம் முதல் சுரத்திலேயே மூடிக்கொள்வாள். இப்போது மேடையில் எந்த வாய் அசைகிறது என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நித்திலாவோடு இன்னும் இரண்டு பெண்கள் பாடினார்கள். வெளிச்சம் மாறி மூன்று பேரும் நிழலானபோது சுகந்தியின் கழுத்து நீண்டது.

“இப்பப் பாடறது அவதானே?”

நாச்சிமுத்து துண்டை இருவர் கைமேலும் போட்டான். அவள் குரல் வரும்போது ஒரு விரலைப் பிடித்தான், மற்றவர்கள் பாடும்போது விட்டான். அப்படியே கடைசிவரை நடந்தது. மேடையிலிருந்து பார்த்த நித்திலா, நாச்சி மாமாவும் அம்மாவும் இங்கேயும் மார்க் போடுகிறார்கள் என்று மைக்கில் சொல்லிச் சிரித்தாள். சபையும் சிரித்தது. சுகந்தியும் சிரித்தாள், நாச்சிமுத்து விரலைப் பிடித்த பிறகு.

வெளியே வந்ததும் அவன் ஒரு கவரை நீட்டினான். ஆறுக்கு மேல் பேசி வாங்கிய இரண்டு சொட்டின் தரகு.

“திருப்பிக் குடுத்தா யாவாரம் நடக்கலீன்னு ஆயிருமா?” என்றாள். “நடந்துச்சே. வெச்சுக்க.”

ஆகவே கணக்கு இப்படி நிற்கிறது. கூடுதல் இரண்டு சொட்டுக்குச் சுகந்தியின் வரவு ஒரு லட்சத்து இருபதாயிரம். அதில் தரகு பன்னிரண்டாயிரம், கவரோடு நாச்சிமுத்துவிடம். கம்பிவேலிக்கு ஒரு வருட மேடை. நித்திலாவுக்கு, பொய்யில்லாத பத்து மார்க் ஒன்று. பற்றில் ஒரு குரல். அதற்கு எதிரே ஓர் எண்ணை எழுதினால் கணக்கை மூடிவிடலாம். எண்ணைச் சொல்லச் சொல்லி அவன் கை துண்டுக்குள் எத்தனை முறை போனாலும், வந்து உட்காருவது மூடிய முட்டிதான்.